பெட்டியில் இருந்த மூன்று படங்களும், படத்தில் இல்லாத நான்கு பேரும்



கொஞ்சம் நீளமான பதிவு இது. பொறுமையாகப் படியுங்கள். பாதியில் மணி அடித்து உங்களைக் காப்பாற்ற இப்போது யாரும் இல்லை.

ஆடித்தபசு முடிந்த மறு வாரம் ஒரு பழைய மாணவர் வீட்டுக்கு வந்தார். ஐம்பதை நெருங்குகிற வயது. தலை நரைத்துவிட்டது. வாசலில் நின்றபடியே, "டீச்சர், என்னை அடையாளம் தெரியுதா?" என்றார். நெற்றியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சின்ன வயதில் விழுந்து பட்ட தழும்பு அப்படியே இருந்தது. உள்ளே வந்து உட்கார்ந்தவர், பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார். 1988-ல் எடுத்த ஐந்தாம் வகுப்பு குரூப் போட்டோ. யாரோ போனில் அனுப்பியதைக் கடையில் கொடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டிருந்தார்.

"டீச்சர், இதுல நான் எங்க நிக்கேன்?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். மூன்று வரிசை. தரையில் சம்மணம் போட்டவர்கள், நடுவில் நாங்கள் நாற்காலியில், பின்னால் பெஞ்சில் ஏறி நின்றவர்கள். இரண்டு தடவை பார்த்தும் அவரைக் காணோம்.

"எனக்கும் அகப்படல டீச்சர். எம் மவகிட்ட இந்த வகுப்புலதான் படிச்சேன்னு சொன்னேன். எங்கப்பா நீங்கன்னு கேக்கா. அதான் உங்ககிட்ட கேக்கலாம்னு வந்தேன்."

காபி போட்டுக் கொடுத்தேன். வேறு ஏதேதோ பேசிவிட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகுதான் எனக்கு விஷயம் உறைத்தது. அந்த வகுப்பில் வருகைப் பதிவேட்டில் 42 பெயர். படத்தில் 38 பிள்ளைகள். மீதி நான்கு பேர் எங்கே என்று எனக்குத் தெரியும். அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் வீட்டுத் தகரப் பெட்டியில் கிடக்கும் பழைய படங்களை வைத்து நம் ஊர்க் கதையைக் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன்.

படம் எடுப்பது என்ற வித்தை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது 1839-ல், பாரீஸ் நகரில். இருபது வருடத்துக்குள் அது மதுரை வரை வந்துவிட்டது. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ கேப்டன் சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக வேலை பார்த்தார். மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை என்று சுற்றி அவர் எடுத்த படங்கள் 1858-ல் வெளிவந்தன. மீனாட்சியம்மன் கோவில், திருமலை நாயக்கர் மகால் எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் அந்தப் படங்களில் ஊர் வெறிச்சோடிக் கிடக்கும். ஆள் இல்லாத ஊரா மதுரை? அந்தக் காலத்துக் காமிராவில் ஒரு படம் பதிய நெடுநேரம் ஆகும். அசையாத கல் பதியும். நடந்து போகிற மனிதன் பதிய மாட்டான். வேலை பார்க்கிறவன் அசைந்துகொண்டேதான் இருப்பான். அவன் படத்தில் விழவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பிறகு காமிரா வேகம் பெற்றது. ஊருக்கு ஊர் ஸ்டூடியோ வந்தது. உங்களில் வயதானவர்களுக்குத் தெரியும், ஸ்டூடியோவுக்குள் போனால் பின்னால் ஒரு திரைச்சீலை தொங்கும். அதில் மாளிகைப் படிக்கட்டு, தூண், ஏரி, அன்னம். நம் வீட்டில் ஓலைக்கூரையாக இருந்தாலும் படத்தில் மாளிகை முன்னால்தான் நிற்போம். இந்தத் திரை வரைகிற கலைக்கு நாடகக் கம்பெனிகள்தான் தாய்வீடு. காலண்டர் சாமி படங்களால் தென்னாடு முழுக்கப் பெயர் வாங்கிய சி. கொண்டையராஜு (1898–1976) நாடகத்துக்குத் திரை வரைந்தவர். பிற்பாடு கழுகுமலைக்கு அடுத்திருக்கிற நம் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அவரும் அவர் சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசியில் அச்சாகி நம் வீட்டுச் சுவருக்கு வந்தார்கள். ஒரே சுவரில் மேலே சாமி படம், கீழே தாத்தா ஆச்சி படம். இரண்டும் தேக்குச் சட்டத்தில், கயிற்றில் முன்பக்கம் சாய்ந்து தொங்கும்.

இனி என் பெட்டியில் இருக்கும் படங்களுக்கு வருகிறேன்.

முதல் படம்: தபசு

ஸ்டூடியோக்காரர் மாடியிலிருந்து எடுத்து விற்ற படம். எங்க அப்பா வாங்கி வைத்தது. தபசுக் கூட்டம். கோமதி அம்பாள் தவம் இருந்து, சுவாமி சங்கரநாராயணராகக் காட்சி கொடுக்கும் நாள். நம் ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வெளியூரில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்காக ஒரு வரி: சைவமும் வைணவமும் ஒன்று என்று சொல்வதற்காகவே ஒரு ஊர் வருடா வருடம் ஆடி மாதத்தில் தெருவில் கூடுகிறது. கரிசல்காட்டுச் சம்சாரிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தி, வத்தல், தானியம் என்று கொண்டுவந்து அம்பாளை நோக்கிச் சூறை விடுவார்கள். வெடித்த பருத்தி வானத்தில் பறக்கும்.

இந்தப் படத்தின் பின்னால் தேதி இல்லை. அப்பாவும் இல்லை, கேட்பதற்கு. ஆனால் ஓரத்தில் ஒரு சுவர் தெரிகிறது. அதில் பாதி கிழிந்த சினிமா போஸ்டர், ஒரு ஆட்டுத் தலை. 'ஆட்டுக்கார அலமேலு'! அந்தப் படம் 1977 கடைசியில் வந்தது. அப்படியானால் இந்தக் கூட்டம் 1978 ஆடியாகவோ, அதற்குச் சற்றுப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். வரலாறு படிப்பது இப்படித்தான் பிள்ளைகளே. படம் எடுத்தவர் காட்ட நினைத்தது நடுவில் இருக்கும். காலத்தைச் சொல்வது ஓரத்தில் இருக்கும்.

இந்தப் படத்தில் நூற்றுக்கணக்கான தலைகள். ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. தகப்பன் தோளில் உட்கார்ந்து திரும்பிப் பார்க்கிற ஒரே ஒரு பையன் முகம் மட்டும் தெளிவாக இருக்கிறது. அவன் உங்களில் ஒருவராகக்கூட இருக்கலாம்.

இரண்டாம் படம்: கல்யாண வீடு

இது எங்க அம்மா பிறந்த வீட்டில், சித்தி கல்யாணத்தன்று எடுத்தது. உறவுக்காரர்கள் எல்லோரிடமும் இதன் ஒரு காப்பி இருக்கும். பந்தல் முன்னால் மாப்பிள்ளை பெண், இரண்டு பக்கமும் பெரியவர்கள், விறைப்பாக நிற்கிற மாமாக்கள். எத்தனையோ தடவை பார்த்த படம். ஆனால் இந்தத் தடவை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் வலது ஓரத்தில் ஒன்று தெரிந்தது. தெருவில் நட்ட கவைக் கம்புகள். அதன்மேல் நீளமாக இழுத்துக் கட்டிய பாவு. பாவுக்கு அந்தப் பக்கம் குனிந்து நிற்கும் ஒரு ஆள், முகம் மங்கல்.

தறி ஓடாத வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். சேலையில் நீளவாக்கில் ஓடும் நூல் பாவு. குறுக்கே போவது ஊடை. பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, பெரிய பிரஷால் நீவி, வெயில் ஏறுவதற்குள் காயவைத்துச் சுருட்ட வேண்டும். கஞ்சி சரியில்லை என்றால் இழை அறுந்துகொண்டே இருக்கும். அதனால் விடியற்காலையில் தெருவே பாவுக்குத்தான் சொந்தம், மாட்டுவண்டி வந்தாலும் காத்திருக்க வேண்டும். வீட்டுக்குள் ஊடை நூலைத் தாரில் சுற்றுவது பெண்களும் பிள்ளைகளும். அந்தத் தார் நாடாவுக்குள் போகும். நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினால் துணி. ஒரு சேலைக்கு ஒரு குடும்பமே வேலை பார்க்க வேண்டும்.

பிறகு கைத்தறி போய் விசைத்தறி வந்தது. தெருப்பாவு போய் சைசிங்கில் போட்ட பீம் வந்தது. தறிக்குழி மூடப்பட்டது. சத்தம் வந்தது. நம் ஊரில் சில தெருக்களில் பேசுகிறவர்கள் இன்றைக்கும் சத்தமாகத்தான் பேசுவார்கள், கவனித்திருப்பீர்கள். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. மின்சாரம் நின்றால்தான் எங்களுக்குத் தூக்கம் கலையும். திடீரென்று ஊர் அமைதியாகிவிட்டால் பயந்து எழுந்துவிடுவோம்.

என் பெட்டியில் மொத்தம் நூற்றுப் பதினாறு படங்கள். கல்யாணம், சடங்கு, மொட்டை, வளைகாப்பு, நாற்காலியில் உட்காரவைத்து மாலை போட்ட சாவுப் படம், சிலோனுக்கு அனுப்ப எடுத்த படம் எல்லாம் உண்டு. தறி இருக்கிற படம் இந்த ஒன்றுதான். அதுவும் தவறி விழுந்தது. நாள் முழுக்க, தலைமுறை தலைமுறையாக நாம் எதைச் செய்து சாப்பிட்டோமோ அது நம் படத்தில் இல்லை. யோசித்துப் பாருங்கள், உங்கள் வீட்டில் இருக்கிறதா?

ஏன் இல்லை?

ஒரு காரணம் செலவு. ஒரு ரோலில் பன்னிரண்டு படம்தான் விழும். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967-ல் உற்பத்தி தொடங்கிய பிறகும்கூட பிலிம் என்பது எண்ணிச் செலவழிக்கிற பொருள்தான். நல்ல நாளுக்குத்தான் படம். வியர்வையும் பனியனுமாகத் தறியில் நிற்கும்போது யாராவது படம் எடுப்பார்களா? ஆச்சியிடம் கேட்டிருந்தால், "போ மக்கா, இந்தக் கோலத்துலயா" என்றுதான் சொல்லியிருப்பாள். படம் என்றால் பட்டுச்சேலை கட்ட வேண்டும். மற்றவர்களுக்காக ஆயிரம் சேலைக்குத் தார் சுற்றியவள், இரவல் பட்டுச்சேலையில் படத்தில் இருக்கிறாள்.

இன்னொரு காரணம் நம் ஊர்த் தொழிலின் அமைப்பு. விக்கிரமசிங்கபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ரூ ஹார்வி, பிராங்க் ஹார்வி என்ற இரண்டு சகோதரர்கள் 1880-களில் பாபநாசம் அருவித் தண்ணீரின் விசையை நம்பி அங்கே பஞ்சாலை கட்டினார்கள். 1888-ல் தூத்துக்குடியில் கோரல் மில், 1892-ல் மதுரையில் இன்னொன்று. அதுதான் பிற்பாடு 1974-ல் மதுரா கோட்ஸ் ஆனது. நமக்குப் பக்கத்தில் ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். மில் ஊர் என்றால் புகைபோக்கி இருக்கும், கேட் இருக்கும், சங்கு ஊதும். முதலாளியே போட்டோகிராபரைக் கூப்பிட்டுக் கட்டடத்தையும் மிஷினையும் எடுத்து வைப்பார். நம் ஊரில் மில் கேட் கிடையாது. தறி வீட்டுக்குள், திண்ணைக்குப் பின்னால், அடுப்படிக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு ஊரே தொழிற்சாலை, ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் வெறும் தெரு. யாரும் படம் எடுக்கச் சொல்லவில்லை.

மில் ஊரிலும் எல்லோரும் படத்தில் விழுந்துவிடவில்லை. 1908 பிப்ரவரி கடைசியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். மார்ச் மாதம் கூலி உயர்வோடும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையோடும் அந்தப் போராட்டம் முடிந்தது. சில நாளில் இரண்டு தலைவர்களும் கைது செய்யப்பட்டார்கள். இந்தப் பாடத்தை எத்தனையோ வருடம் நடத்தியிருக்கிறேன். வ.உ.சி. படம் புத்தகத்தில் இருக்கும். கோரல் மில்லில் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்த ஒரு தொழிலாளியின் முகத்தைக்கூட நான் நடத்திய எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. அவர்களுக்கும் அம்மா, தங்கச்சி, பிள்ளை இருந்திருக்கும். "இதுல எங்கப்பா எங்க" என்று கேட்கிற பிள்ளை.

நம் தறிக்கு வேறு பதிவுகள் எல்லாம் இருக்கின்றன. அரசாங்கம் 1983-ல் இலவச வேட்டி சேலைத் திட்டம் தொடங்கியபோது தறிகளுக்கு ஆர்டர் போனது. 1985-ல் மத்திய அரசு, எந்தெந்த ரகம் கைத்தறிக்கு மட்டும் என்று சட்டம் போட்டது. 2006-ல் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் இலவச மின்சாரம் வந்து, 2016-ல் 750 ஆகி, 2023-ல் 1000 ஆனது. மீட்டர் கணக்கு இருக்கிறது, கூலி உயர்வுப் பேச்சுவார்த்தைக்குக் கோப்பு இருக்கிறது. முகம்தான் இல்லை.

முகம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1993-ல் சேஷன் தேர்தல் ஆணையராக இருந்தபோது வாக்காளர் அடையாள அட்டை வந்தது. எங்கள் தெருவில் நாற்பது வருடம் தார் சுற்றிய ஒரு அம்மாவுக்கு அந்த அட்டைப் படம்தான் முதல் படம். வரிசையில் நின்று, வெயிலில் கண்ணைச் சுருக்கி எடுத்த படம். அந்த அம்மா காலமானபோது வீட்டில் வேறு படமே இல்லை. அந்த அட்டையைத்தான் ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனார்கள். கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, கழுத்தில் நகையும் பட்டுச்சேலையும் ஒட்டி, பின்னால் நீல வானம் வைத்துக் கொடுத்தார்கள். மகன் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா இது எங்கம்மா இல்ல டீச்சர்" என்றார்.

மூன்றாம் படம்: ஐந்தாம் வகுப்பு

இப்போது அந்த குரூப் போட்டோவுக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இத்தனை சுற்று.

படம் எடுக்க ஒரு காப்பிக்குப் பத்து ரூபாய். ஒரு வாரம் முன்பே வகுப்பில் சொல்லிவிட்டோம். அன்றைக்குத் தறிக்கூலியில் ஓடுகிற வீட்டில் பத்து ரூபாய் சின்னத் தொகை இல்லை. நான்கு பேர் கொண்டுவரவில்லை. ஸ்டூடியோக்காரர் வந்து முக்காலியை ஊன்றி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, இடம் நெருக்கமாக இருக்கிறது என்றார். பணம் கொடுக்காதவர்கள் வகுப்பில் இருங்கள் என்று ஒரு குரல் சொன்னது. பிள்ளைகளே, அந்தக் குரல் என்னுடையதுதான். வேறு யார் மேலேயும் பழி போட மாட்டேன். காப்பி வாங்கப் பணம் இல்லை என்றால் காப்பி கொடுக்காமல் இருக்கலாம். படத்தில் நிற்கக் காசு எதற்கு? இருபத்தேழு, இருபத்தெட்டு வயதில் எனக்கு அது தோன்றவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான்கு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் படத்துக்குள் வரவில்லை.

இந்த நான்கு பேரில் மூன்று பேர் அடுத்த வருடம் பள்ளிக்கூடம் வரவில்லை. தறிக்குப் போய்விட்டார்கள். 1982-ல் சத்துணவு வந்ததால் மதியம் வரையாவது பிள்ளைகள் நின்றார்கள். சாப்பிட்டு முடித்து வீட்டுக்கு ஓடித் தார் சுற்றுவார்கள். விரல் நுனியில் நூல் அறுத்த கோடு இருக்கும். நோட்டைத் திருத்தும்போது பார்த்திருக்கிறேன். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-லேயே வந்துவிட்டது, நெசவும் அதில் தடைசெய்த வேலைதான். ஆனால் தன் குடும்பத்தோடு வீட்டில் செய்கிற தொழிலுக்கு அது பொருந்தாது என்று விலக்கு இருந்தது. நம் ஊரில் தறியே வீட்டுக்குள்தானே! எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி உரிமை என்ற சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது அந்த மூன்று பேருக்கும் முப்பது வயது தாண்டிவிட்டது.

'தொடர்ந்து வரவில்லை, பெயர் நீக்கம்' என்று பதிவேட்டில் சிவப்பு மையால் எழுதியதும் நான்தான். வீட்டுக்கு இரண்டு தடவை போய்ப் பேசினேன். மூன்றாவது தடவை போகவில்லை.

இந்த இடத்தில் ஒரு அமெரிக்க வாத்தியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். லூயிஸ் ஹைன் என்று பெயர். நியூயார்க்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். பாடம் நடத்துவதற்காகத்தான் முதலில் காமிராவைக் கையில் எடுத்தார். 1908-ல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழு அவரைப் படம் எடுக்க வேலைக்கு வைத்தது. கோரல் மில் போராட்டம் நடந்த அதே வருடம்! பஞ்சாலைகளுக்குள் விடமாட்டார்கள். ஏதாவது வேஷம் போட்டு, பொய்க் காரணம் சொல்லி உள்ளே போவார். மிஷின் பக்கத்தில் நிற்கிற சின்னப் பெண்ணைப் படம் எடுப்பார். தன் சட்டைப் பொத்தான் எந்த உயரம் என்று அவருக்குத் தெரியும். பிள்ளையின் தலை எந்தப் பொத்தானுக்கு வருகிறது என்று பார்த்து உயரத்தைக் குறித்துக்கொள்வார். பெயர், வயது, எத்தனை நாளாக வேலை என்று கேட்டு எழுதிக்கொள்வார். அந்தப் படங்கள் ஊர் ஊராகப் போய் மக்களின் மனதை அசைத்தன. 1938-ல் அமெரிக்காவில் மத்திய சட்டமே வந்தது. அவர் 1940-ல் வறுமையில் இறந்தார்.

அவரும் ஆசிரியர், நானும் ஆசிரியை. அவர் வேலை பார்க்கிற பிள்ளையைத் தேடிப் போய்ப் படத்துக்குள் கொண்டுவந்தார். நான் படத்துக்குள் நிற்க வேண்டிய பிள்ளையை வெளியே நிறுத்தினேன். அந்த மாணவர் வந்து போன பிறகு இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் அவர் வேலை பார்க்கிற தறிக்கூடத்துக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன், அன்றைக்கு அப்படிச் சொன்னது நான்தான் என்று. தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு ஞாபகம் இருக்கு டீச்சர். ஆனா படத்துக்கு அப்புறமா நம்மளையும் ஓரமா ஒண்ணு எடுத்தாங்கன்னு நானா நினைச்சுக்கிட்டேன் போல. அதான் தேடுனேன்" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. அவரே, "சரி விடுங்க. இப்ப ஒண்ணு எடுங்க" என்றார். சட்டை போட்டுக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பியவரைப் போகவிடவில்லை. தறி பக்கத்தில், பனியனோடு, தோளில் துண்டோடு நின்றார். என் போனில் எடுத்தேன். அவர் மகளுக்கு அனுப்பினேன்.

இனி உங்களுக்கு வீட்டுப்பாடம்.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே ஆய்வாளர்கள் பழைய தமிழ் ஸ்டூடியோ படங்களை ஊர் ஊராகத் தேடி, கம்ப்யூட்டரில் பதிந்து, லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு பாதுகாத்திருக்கிறார்கள். 1880 முதல் 1980 வரை எடுத்த படங்கள். மூடிய ஸ்டூடியோக்களின் கண்ணாடி நெகட்டிவ், கறையான் அரித்த ஆல்பம், எல்லாவற்றையும் மதித்துச் சேர்த்தார்கள். அவர்களுக்கு அது தமிழர் வரலாறு. நமக்கோ பரணில் கிடக்கும் குப்பை. வெள்ளையடிக்கும்போது முதலில் வெளியே போவது அதுதான்.

ஆகவே தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.

ஒன்று. இந்த வாரம் பரணில் இருக்கும் பெட்டியை இறக்குங்கள். படத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடேயே போனில் எடுங்கள். லேமினேஷன் வேண்டாம், செலோடேப் வேண்டாம். படங்களுக்கு நடுவே பட்டர் பேப்பர் வையுங்கள்.

இரண்டு. பகல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல் ஒவ்வொரு படத்தையும் எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, யாருடைய கையெழுத்தாவது இருக்கும்.

மூன்று. வீட்டில் வயதானவர் பக்கத்தில் உட்கார்ந்து இது யார், எந்த ஊர், யாருக்கு என்ன முறை என்று கேளுங்கள். பின்னால் மெல்லிய பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும். எங்க சித்தி கல்யாணப் படத்தில் பாவுக்குப் பக்கத்தில் குனிந்து நிற்கிற ஆள் யார் என்று சொல்லக்கூடியவர் எங்கள் உறவில் ஒரே ஒரு பெரியம்மா இருந்தார்கள். நான் கேட்கப் போவதற்கு இரண்டு மாதம் முன்னால் தவறிவிட்டார்கள்.

நான்கு. படத்தில் யார் இல்லை என்றும் எழுதுங்கள். அன்றைக்கு அடுப்படியில் இருந்த அத்தை, படம் எடுத்த மாமா, சண்டை போட்டு வராத சித்தப்பா, வேலைக்குப் போயிருந்த அண்ணன்.

ஐந்து. தறி இன்னும் ஓடுகிற வீட்டுப் பிள்ளைகள் இன்றைக்கே போய்ப் படம் எடுங்கள். பழைய தறியை எடைக்குப் போடுகிறவர்கள் போடுவதற்கு முன்னால் எடுங்கள். தார் சுற்றுகிற அம்மாவின் கையை எடுங்கள். அறுந்த இழையைப் பிணைக்கும்போது அப்பாவின் விரலை எடுங்கள். அந்தச் சத்தத்தையும் ஒரு நிமிஷம் பதிந்து வையுங்கள். அவர்கள் வெட்கப்படுவார்கள், திட்டுவார்கள். பரவாயில்லை, எடுங்கள். டிரைப் காலத்துக் காமிராவில் அசைகிற மனிதன் பதிய மாட்டான். உங்கள் கையில் இருக்கிற போனுக்கு அந்தக் குறை இல்லை.

என் பங்குக்கு அந்த ஐந்தாம் வகுப்புப் படத்தின் பின்னால் பென்சிலால் எழுதியிருக்கிறேன். முன்னால் இருக்கிற 38 பேரின் பெயரும் வரிசைப்படி. அதற்குக் கீழே, 'வகுப்பில் இருந்தவர்கள், படத்தில் நிறுத்தப்படாதவர்கள்' என்று போட்டு மூன்று பெயர். அவர்களைக் கேட்காமல் அந்தப் பெயர்களை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை.

நான்காவது ஒரு பெண்பிள்ளை. இரட்டைச் சடை. வாய்ப்பாட்டை மூச்சு விடாமல் ஒப்பிப்பாள், பதினாறாம் வாய்ப்பாடு வரை. ஜன்னலில் கடைசியாக நின்றவள். முகம் அப்படியே கண்ணில் இருக்கிறது, பெயர் வரவில்லை. மூன்று வாரமாக யோசிக்கிறேன். 1988-ல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள் யாருக்காவது ஞாபகம் இருந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். அந்த வரியைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்